கண்ணை நம்பாத பூச்சிகள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

எறும்பு வாசனையை வைத்துப் போகிறது, விட்டில் வாசனையை வைத்து ஜோடி தேடுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். சொல்லிவிட்டு விஷயம் முடிந்தது என்று நகர்ந்தும் விடுகிறோம். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. எங்கோ பிரியாணி வேகிறது என்று உங்கள் மூக்கு சொல்லும், எந்தத் தெரு எந்த வீடு என்று சொல்லாது. வாசனைக்குத் திசை கிடையாது. அப்படியானால் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் பூச்சி எங்கிருந்து எடுக்கிறது? கீழே உள்ள ஒவ்வொரு சோதனையிலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் ஒவ்வொரு பூச்சிக்கும் வேறாக வரும், சுவாரசியமே அதில்தான்.

நம் இரண்டு மாவட்டங்களும் இதற்குத் தோதான இடம். மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுவும் உண்டு, மாந்தோப்பு உண்டு, பாலக்கோடு ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக் காடு உண்டு, கரையான் இல்லாத வரப்பே கிடையாது. பூதக்கண்ணாடி, நுண்ணோக்கி எதுவும் வாங்க வேண்டாம்.

தேவையான சாமான்கள்

ஒரு டார்ச், அதன் முகத்தில் கட்ட இரண்டு மடிப்பு சிவப்புக் கண்ணாடித்தாள் (பூமாலைக் கடை, ஸ்டேஷனரி கடை எங்கும் கிடைக்கும்). பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இருட்டில் நடப்பதைப் பார்க்க இதைவிட மலிவான கருவி கிடையாது. அப்புறம் வெள்ளைத்தாள், டீ வடிகட்டி, மூடியுள்ள கண்ணாடி பாட்டில், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை, இரண்டு மூன்று விதமான பால்பாயிண்ட் பேனா, ஒரு நோட்டு. நோட்டில் நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, வெளிச்சம் இருந்ததா என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். காற்றை எழுதாத குறிப்பு பின்னால் எதற்கும் உதவாது.

சோதனை செய்கிற இடத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஊதுபத்தி, கொசுவர்த்தி, சென்ட், சாம்பிராணி எதுவும் இருக்கக்கூடாது. கையை வாசனை இல்லாத சோப்பில் கழுவிக்கொள்வது நல்லது. புதிதாகச் செய்பவர்களுக்குச் சோதனை சொதப்புவதற்குப் பாதிக் காரணம் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேன்தான்.

1. எறும்பு: பாதையில் அம்புக்குறி இருக்கிறதா?

சாரை சாரையாகப் போகிற சின்ன எறும்பாகத் தேர்ந்தெடுங்கள். கட்டெறும்பு வேண்டாம், அதற்குக் கண்ணும் ஓரளவு உதவுகிறது, முடிவு குழம்பும்.

சோற்றுச் சட்டிக்கு எறும்பு ஏறாமல் இருக்கத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் சட்டியை வைப்போம் இல்லையா, அதே மாதிரி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் நாட்டுச்சர்க்கரைக் கரைசல் சில சொட்டு விடுங்கள். எறும்புச் சாரைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்து, செங்கல்லில் இருந்து டம்ளருக்கு ஓர் அட்டைப் பாலம் போடுங்கள். அட்டை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம். அதன் மேல் மூன்று தாள் துண்டுகளை முனையோடு முனை சேர்த்து வரிசையாக வைத்துவிட்டு, செங்கல் மேலும் ஒரு சொட்டு விட்டுக் காத்திருங்கள். முதல் எறும்பு கண்டுபிடித்துத் திரும்பிப் போனால் போதும், கொஞ்ச நேரத்தில் போக்குவரத்து ஆரம்பித்துவிடும்.

சாரை நன்றாக ஓடத் தொடங்கியதும் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, விளக்கை அணைத்துவிட்டு சிவப்பு டார்ச்சில் பாருங்கள். ஒன்றும் மாறாது, ஓட்டம் அப்படியே இருக்கும். கண் இங்கே முக்கியம் இல்லை என்பது அத்தோடு தீர்ந்தது.

இரண்டாவது, நடுத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். அந்த விளிம்பில் நெரிசல் ஆகும். முன்னால் வந்த எறும்பு நின்று, உணர்கொம்பால் தாளைத் தடவி, திரும்பி, மறுபடி வந்து, கடைசியில் ஏதாவது ஒன்று துணிந்து கடக்கும். சில நிமிடங்களில் புதுத்தாளிலும் பாதை விழுந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பாதை விழுந்த நடுத்தாளை எடுத்துத் தலைகீழாக, அதாவது டம்ளர் பக்கம் இருந்த முனை செங்கல் பக்கம் வரும்படி திருப்பி, உடனே அதே இடத்தில் வையுங்கள். பாதையில் 'இந்தப் பக்கம் வீடு' என்று வாசனையிலேயே எழுதியிருந்தால் எறும்புகள் அந்தத் தாள் மேல் ஏறியதும் குழம்பித் திரும்ப வேண்டும். பெரும்பாலும் திரும்பாது, பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாதை ஒரு கோடு மட்டும்தான், அதில் அம்பு இல்லை.

அப்படியென்றால் வழியில் நிற்கிற எறும்புக்கு வீடு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? வீடுகளில் சுற்றும் மஞ்சள் நிறப் பொடி எறும்பு ஒன்று உண்டு, ஃபாரோ எறும்பு என்று அறிவியலில் பெயர். அதன் பாதைகள் கூட்டிலிருந்து வெளியே போகப் போக இரண்டு இரண்டாகக் கிளை பிரியும், பிரிகிற கோணம் ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி. வெளியிலிருந்து வரும் எறும்பு கிளை முனைக்கு வந்தால் ஒரு பக்கம் லேசாகத் திரும்பினால் வீடு, மறுபக்கம் கூர்மையாகத் திரும்பினால் இன்னொரு கிளை. இந்தக் கோணத்தை வைத்தே எது வீட்டுப் பக்கம் என்று எறும்பு கண்டுகொள்வதாக 2004இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். திசை வாசனையில் இல்லை, கோட்டின் வடிவத்தில் இருக்கிறது.

அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள் என்பதை அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் வில்சன் 1959இல் நெருப்பெறும்பில் கண்டுபிடித்தார். எறும்பின் வயிற்றுக்குள் கொடுக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதை எடுத்து நசுக்கி ஒரு கோடு இழுத்தார், எறும்புகள் வெளியே வந்து அந்தக் கோட்டிலேயே போயின. நம் ஊர்த் தோட்டத்தில் காலைக் கடித்துத் தடிக்க வைக்கிற செவ்வெறும்புகளில் அந்த இனத்தின் உறவும் உண்டு என்பதால், இந்தச் சோதனையை அதனிடம் செய்துபார்க்க ஆசைப்படாதீர்கள்.

அம்பு இல்லாத கோட்டின் ஆபத்து ஒன்றும் இருக்கிறது. தென்னமெரிக்காவின் கயானாவில் கண் கிட்டத்தட்ட தெரியாத படையெறும்புகள் தங்கள் பாதையிலேயே வளையமாகச் சிக்கிக்கொண்டதை வில்லியம் பீபி 1921இல் எழுதியிருக்கிறார். வளையத்தின் சுற்றளவு 1200 அடி, ஓர் எறும்பு ஒரு சுற்று வர இரண்டரை மணி நேரம். முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் தொடர, அவனை முன்னால் போகிறவன் தொடர, பெரும்பகுதி சோர்ந்து செத்தே போயின.

2. கரையான்: பேனாக்கோட்டில் நடக்கவைப்பது

வேலைக்காரக் கரையான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணே கிடையாது. ஆனால் புற்றை உடைக்காதீர்கள். உள்ளே பாம்பு இருக்கலாம், அதைவிட அது யாராவது மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற புற்றாக இருந்தால் ஊர் உங்களைக் கும்பிடாது. காட்டில் கிடக்கிற காய்ந்த சாணி வரட்டி, பழைய சோளத்தட்டு, மக்கிய கட்டை இவற்றைப் புரட்டினாலே கிடைக்கும். ஈர மண்ணோடு ஒரு டப்பாவில் பத்துப் பதினைந்து எடுத்து வாருங்கள், வெயில் பட்டால் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும்.

வெள்ளைத்தாளில் பால்பாயிண்ட் பேனாவால் தடிமனாக ஒரு வளைந்த கோடு வரையுங்கள். பக்கத்தில் பென்சிலாலும் ஜெல் பேனாவாலும் அதேபோல் வரையுங்கள். கரையானை மென்மையான பிரஷ்ஷால் எடுத்துத் தாளில் விடுங்கள். பேனா சரியானதாக அமைந்தால் பால்பாயிண்ட் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைவெல்லாம் வளைந்து போகும். பென்சில் கோட்டைக் கண்டுகொள்ளாது. சில பால்பாயிண்ட் மைகளில் ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பொருள் இருக்கிறது, கரையான் தன் வயிற்றடியிலிருந்து பாதையில் தடவும் வாசனைப் பொருளைப் போலவே அது கரையானுக்குப் படுகிறது. எல்லாப் பேனாவிலும் அது இருக்காது, அதனால்தான் இரண்டு மூன்று விதம் வாங்கச் சொன்னேன். ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

இப்போது ஒரு வட்டம் வரைந்து இரண்டு கரையானை விடுங்கள். ஒன்று இடம் சுற்றினால் இன்னொன்று வலம் சுற்றலாம். இங்கேயும் அம்பு இல்லை. முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

3. பட்டுப்பூச்சி: இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது.

மல்பெரி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் பத்துக் கூடு கேளுங்கள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போகிற கூடுகள் எல்லாம் பூச்சி வெளியே வருவதற்கு முன்பே விற்கப்படுபவை, ஏனென்றால் பூச்சி கூட்டைத் துளைத்து வந்தால் நூல் அறுந்துவிடும். அதனால் புழு வளர்ப்பவர்களிலேயே பலர் பூச்சியின் நடத்தையைக் கவனித்திருக்க மாட்டார்கள். கூடுகளை அட்டைப்பெட்டியில் பரப்பி நிழலில் வையுங்கள். புழு கூடு கட்டி முடித்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளில், பெரும்பாலும் அதிகாலையில், வெள்ளையாகப் பூச்சிகள் வெளியே வரும். இந்தப் பூச்சிகளை மறுபடி புழு வளர்ப்பு மனைக்குள் மட்டும் கொண்டுபோகவே கூடாது. பெப்ரைன் என்கிற பட்டுப்புழு நோய் தாய்ப்பூச்சி வழியாகப் பரவும், உங்கள் சோதனைக்காக ஒருவருடைய ஒரு பருவப் புழு போய்விடக்கூடாது.

ஆணையும் பெண்ணையும் பிரிப்பது எளிது. பெண் வயிறு முட்டை நிறைந்து பெருத்து, அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆண் ஒல்லி, துறுதுறுவென்று இருக்கும், உணர்கொம்பும் பெரிது. இரண்டுக்கும் பறக்க வராது, பல நூற்றாண்டுகள் வளர்ப்பில் அந்தத் திறன் போய்விட்டது. நமக்கு அது நல்லதாய்ப் போயிற்று, எல்லாம் மேஜை மேலேயே நடக்கும். வெளியே வந்ததும் இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள்.

அ. பெண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடியை இறுக்குங்கள். பாட்டிலின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்துவிட்டு மேஜையில் வைத்து, ஒரு சாண் தள்ளி ஆணை விடுங்கள். கண்ணுக்கு எதிரே பெண் இருக்கிறது, ஆண் சட்டையே செய்யாது.

ஆ. அதே பெண்ணை டீ வடிகட்டிக்கு அடியில் கவிழ்த்து வையுங்கள், வடிகட்டியை ஒரு துணியால் மறைத்துவிடலாம், காற்று மட்டும் போகட்டும். இப்போது ஆணுக்குப் பெண் தெரியாது. ஆனால் திடீரென்று சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும்.

இ. பெண்ணின் பின்முனையில் மஞ்சளாக இரண்டு சிறு பைகள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். அங்கே ஒரு தாள் துண்டை மெல்லத் தொட்டு எடுங்கள். அந்தத் தாளை மட்டும் வைத்தால்கூட ஆண் அதைச் சுற்றி ஆடும்.

அந்தப் பைகளில் இருக்கிற பொருளைப் பிரித்தெடுக்க ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டநான்ட் குழுவுக்கு இருபது வருடம் ஆனது. ஐந்து லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே எடுத்து, 1959இல் அதற்குப் பாம்பிகால் என்று பெயர் வைத்தார்கள். ஒரே இனத்துக்குள் சேதி சொல்லும் இந்த மாதிரிப் பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர், அந்த வகையில் முதன்முதலாக வேதியியல் அமைப்பு தெரிந்த பொருள் அதுதான். அவருக்கு அதற்கு முன்பே வேறு ஆராய்ச்சிக்காக 1939ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது.

சரி, திசை எங்கே? ஆண் நடக்கிற பாதையை மொபைலில் மேலிருந்து வீடியோ எடுங்கள். வாசனை ஒரு வீச்சு பட்டதும் கொஞ்ச தூரம் நேராகப் போகும். வாசனை விட்டுப்போனால் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து தேடும், அப்போதும் கிடைக்காவிட்டால் வட்டமடிக்கும். மறுபடி ஒரு வீச்சு பட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி நேர்நடை. காற்றில் வாசனை ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை, துண்டு துண்டாக வருகிறது. அந்தத் துண்டுகளைப் பிடிக்க இப்படி ஒரு விதி போதும். பறக்காத பூச்சி எதற்குச் சிறகடிக்கிறது என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில்: சிறகடிப்பதால் முன்னால் இருக்கும் காற்று உணர்கொம்புகளை நோக்கி இழுக்கப்படுகிறது. எட்டி முகர்ந்து பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு விசிறி மட்டையால் பெண்ணிருக்கும் பக்கத்திலிருந்து ஆணை நோக்கி மிக மெதுவாக வீசுங்கள், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வீசுங்கள். இரண்டு தடவையும் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமல் ஆளை மாற்றுங்கள், அதற்கும் அலுத்துப்போகும்.

4. மாந்தோப்பில் பழ ஈ

மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் யார் தோப்பிலும் செய்யலாம். ஒரு தண்ணீர் பாட்டிலின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டை போட்டு, ஒரு கைப்பிடி துளசியை நன்றாகக் கசக்கி உள்ளே போட்டு, நிழலான கிளையில் தோள் உயரத்தில் காலையில் கட்டுங்கள். பக்கத்து மரத்தில் துளசி போடாத அதே மாதிரி பாட்டில் ஒன்று கட்ட வேண்டும், இது இல்லாமல் சோதனையே இல்லை.

ஒரு கவனம்: மஞ்சள் நிறம் பழ ஈக்களைக் கவரும். கடையில் விற்கும் பொறிகள் பல மஞ்சளாக இருப்பதும் அதனால்தான். நமக்குக் கண்ணைத் தவிர்த்துவிட்டுப் பார்க்க வேண்டும், ஆகவே இரண்டு பாட்டிலுக்கும் பழைய கோணிச் சாக்கைச் சுற்றிவிடுங்கள், ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டு.

துளசியில் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. பழ ஈயின் ஆண் அதற்கு அப்படி ஓடி வரும், பெண் வராது. பீகாரில் பூசாவில் வேலை பார்த்த ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் 1912இல் சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் மட்டும் வருவதைப் பற்றி எழுதினார், 1915இல் மெத்தில் யூஜினால்தான் இழுக்கிறது என்று சொன்னார். இன்று உலகம் முழுவதும் மாந்தோப்புகளில் தொங்குகிற பொறிகளுக்கு மூலம் அதுதான். இந்த ஈக்குத் திசை கொடுப்பது காற்று, அது வாசனை பட்டால் காற்றை எதிர்த்துப் பறக்கும். பாட்டிலுக்குள் பார்க்காமல் காற்று போகிற பக்கம் நின்று பாருங்கள், ஈக்கள் வருவது தெரியும்.

5. சத்தம், தொடுதல், புவியீர்ப்பு, காலடி

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வீட்டில் செய்வது கொஞ்சம் கடினம்.

சுவர்க்கோழியின் காது முன்னங்காலில் இருக்கிறது. 1913இல் வியன்னாவில் இவான் ரீகன், ஆண் கத்துவதைத் தொலைபேசி வழியாக அனுப்பினார். மறுமுனையில் பெண் நேராக ரிசீவரை நோக்கி நடந்தது. பார்க்கவும் முகரவும் அங்கே எதுவுமில்லை. மழைக்குப் பிறகு ராத்திரியில் நீங்களும் மொபைலில் பதிவு செய்து தரையில் வைத்துப் போட்டுப் பார்க்கலாம், வருவது பெண்ணாக இருந்தால் பின்னால் நீண்ட ஊசி இருக்கும். பதிவு செய்தது எந்த இனமோ அதுவே அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் பல தடவை ஏமாற்றமாகவும் முடியும்.

கரப்பானைச் சிவப்பு டார்ச்சில் பாருங்கள், சுவரோரமாகவே ஓடும், ஒரு பக்க உணர்கொம்பு சுவரைத் தொட்டபடியே இருக்கும். பின்னால் இருக்கிற இரண்டு சிறு முனைகளில் உள்ள மயிர்கள் காற்றசைவை உணரும். நீங்கள் துடைப்பத்தை ஓங்கும்போதே அது திரும்பிவிடுவதற்கு அதுதான் காரணம்.

தேனீப் பெட்டிக்குள் கும்மிருட்டு. உள்ளே ஆடுகிற தேனீ, பூ இருக்கும் திசையைப் புவியீர்ப்பை வைத்துச் சொல்கிறது: நேர் மேலே ஓடினால் சூரியன் இருக்கும் பக்கம், அதிலிருந்து எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு கோணம். மற்ற தேனீக்கள் உணர்கொம்பால் தொட்டும் காற்றதிர்வை உணர்ந்தும் புரிந்துகொள்கின்றன. ஐரோப்பியத் தேனீயில் ஒரு விநாடி ஆட்டம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நம் ஊர்ப் பெட்டித் தேனீ அதே தூரத்துக்கு இன்னும் அதிக நேரம் ஆடும். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம், தேனீ வளர்ப்பவர் திறக்கும்போது கூட நின்று பாருங்கள்.

அடியை எண்ணும் எறும்பு சகாராவில் இருக்கிறது. 2006இல் வெளியான ஆய்வில், கூட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளித் தீனி எடுத்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கித் திருப்பி அனுப்பினார்கள். அவை 10 மீட்டரில் நிற்காமல் 15 மீட்டர் வரை போய்த் தேடின. கால் குட்டையாக்கப்பட்டவை 6 மீட்டரை எட்டும் முன்பே நின்று தேடின. திசைக்கு வானத்தைப் பார்க்க அதற்குக் கண் தேவை, தூரத்துக்குக் கால் போதும்.

6. தோட்டத்தில் இதை வைத்து என்ன செய்வது

தக்காளி, கத்தரி வைத்திருப்பவர்கள் இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருப்பார்கள். பட்டுப்பூச்சிச் சோதனையைச் செய்துவிட்டுப் போனால் அந்தப் பொறி புதிதாகத் தெரியும்: உள்ளே இருக்கிற லூர் பெண் பூச்சியின் வாசனை, விழுவது ஆண் மட்டும். அதனால் பொறியில் எத்தனை விழுந்தது என்பது மருந்தடிக்க வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் கணக்கு. பொறி கட்டிவிட்டோம், இனி புழு வராது என்று இருந்துவிடக்கூடாது.

காய்ப்புழுவுக்கான லூர் கத்தரித் தண்டுத் துளைப்பானை இழுக்காது, ஒவ்வொன்றுக்கும் தனி லூர். ஒன்றைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொடாதீர்கள், இரண்டுக்கும் நடுவே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பீடி சிகரெட் பிடித்த கையும் வேண்டாம். பழைய லூரைப் பொறிக்கு அடியிலேயே வீசிவிட்டுப் போகிறார்கள், அதில் மிச்சமிருக்கிற வாசனைக்கு ஆண் பூச்சி பொறிக்குள் போகாமல் கீழேயே சுற்றும். உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உயரத்தைப் பயிரின் நுனிக்குச் சற்று மேலே வைத்து, பயிர் வளர வளரப் பொறியையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.